ஸ்டெப்னி டயரைப் பற்றி நான் சொல்லாமல் விட்டது

தம்பி,

இதை உன்னிடம் போனிலேயே சொல்லிவிடலாம் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் முயன்று பார்த்தேன். நீ "சாப்டீங்களாப்பா?" என்றாய். "சாப்டேன்" என்றேன். "பிரஷர் மாத்திர போடுறீங்களா?" என்றாய். "போடுறேன்" என்றேன். அதற்குப் பிறகு உன் பக்கத்தில் சென்னை பஸ்களின் ஹாரன் கேட்டது, என் பக்கத்தில் மின்விசிறிச் சத்தம். "சரிப்பா, வெச்சிடறேன்" என்றாய். உன் அம்மா போனதிலிருந்து இந்த ஐந்து வருஷமும் நமக்குள் இவ்வளவுதான் பேச்சு. தாலுகா ஆபீசில் முப்பது வருஷத்துக்கு மேல் ஊரார் தகராறுகளை விசாரித்து ரிப்போர்ட் எழுதியவன் நான். யார் வேலியை நகர்த்தினார்கள், யார் பொய் சொன்னார்கள் என்று தயங்காமல் எழுதியிருக்கிறேன். என் வீட்டில் நடந்ததைச் சொல்ல மட்டும் எனக்கு வாய் வரவில்லை. இப்போது ஆவணியில் உனக்குக் கல்யாணம். போன வாரம் நீ, "மங்கலம்பேட்டை மாமாவுக்குப் பத்திரிக வேணாம்பா" என்று மெதுவாகச் சொன்னாய். காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும். அந்தக் காரணமே நான்தான்.

நீ காலேஜில் மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்த அந்தச் சித்திரையை எடுத்துக்கொள். பரீட்சைக்குப் படிக்க விடுமுறை விட்டு வீட்டுக்கு வந்திருந்தாய். சிநேகிதர்களோடு பிச்சாவரம் போய்வர நம் காரைக் கேட்டாய். நான் முகத்தைச் சுளித்தேன். அம்மாதான் சாவியை எடுத்துக் கொடுத்தாள். அன்று சாயங்காலம் நீ திரும்பி வந்து என்ன சொன்னாய் என்று ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு நினைவிருக்கிறது. "கிள்ளை கிட்ட பஞ்சர்ப்பா. ஸ்டெப்னிய மாட்டிட்டேன். பஞ்சரான டயர் டிக்கியில கெடக்குது. நாளைக்கு எடுத்துட்டுப் போயி ஒட்டிக்கினு வந்துடறேன்." அதற்கு நான், "நீ ஊர் சுத்துனது போதும், ஒக்காந்து படி. நான் பாத்துக்குறேன்" என்றேன். அம்மா அப்போது முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு பக்கத்திலேயே இருந்தாள். அடுத்த ஆறு நாளில் மஞ்சக்குப்பத்தில் அந்தப் பஞ்சர் கடையைத் தாண்டி எத்தனையோ தடவை போனேன், வந்தேன். ஒரு நாள் கடைக்காரரே கையைத் தூக்கி வணக்கம் சொன்னார். பதிலுக்கு வணக்கம் சொல்லிவிட்டு நேராக ஆபீசுக்குப் போய்விட்டேன். மறதிதான், வேறொன்றும் இல்லை. ஆனால் மறந்தது நான்.

ஏழாம் நாள் சிதம்பரத்தில் என் சித்தப்பா மகன் வீட்டில் காதுகுத்து. நீ படிக்க வேண்டும் என்று வீட்டில் இருந்துகொண்டாய். காலையில் எழுந்ததிலிருந்தே உன் அம்மா இடது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தாள். "என்னமோ இறுக்கிப் புடிச்ச மாரி இருக்குது. பஸ்ல போயிடலாமா, இல்ல நீங்க மட்டும் போயிட்டு வர்றீங்களா?" என்றாள். "சொந்தக்காரன் வீட்டு விசேஷம்னா ஒனக்கு எங்கியாவது வலிக்கும்" என்று சொன்னேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவளும் சிரித்தாள், தைலம் தேய்த்துக்கொண்டு புடவை மாற்றப் போய்விட்டாள். உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற பெண் ஒரு நாள் வலிக்கிறது என்றால், எங்கே, எவ்வளவு நேரமாக என்று உட்கார்ந்து கேள், தம்பி. பெரிய புத்திமதி இல்லை. உங்கப்பன் கேட்காமல் விட்டதால் சொல்கிறேன்.

புதுச்சத்திரம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பின்பக்க இடது டயர் இறங்கிவிட்டது. மணி பத்தரை இருக்கும். காரை ஓரங்கட்டிவிட்டு டிக்கியைத் திறந்தேன். கிள்ளையில் நீ கழற்றிப் போட்ட டயர் அப்படியே கிடந்தது, ஆணி கூட அதிலேயே இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபம் என் மேல் வரவில்லை. "ஊர் சுத்தறதுக்கு மட்டும் காரு வேணும் தொரைக்கு! இத ஒட்டிப் போடத் துப்பில்ல" என்று கத்தினேன். உன் அம்மா புளியமர நிழலில் நின்றுகொண்டிருந்தாள். "அவன் அன்னிக்கே சொன்னானே. நீங்கதான பாத்துக்குறேன்னு சொன்னீங்க" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. "நீ வாய மூடு. எப்பப் பாத்தாலும் அவனுக்கு வக்காலத்து" என்றேன். வாயை மூடிக்கொண்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு அந்த மண்ணிலேயே மெதுவாக உட்கார்ந்தாள். அவள் என்னிடம் தெளிவாகப் பேசிய கடைசிப் பேச்சு அதுதான், உனக்காகப் பேசியது. நான் அவளிடம் சொன்னது என்ன என்று மேலே எழுதிவிட்டேன். இன்னொரு முறை எழுத முடியவில்லை.

முதலில் வெயில் என்று நினைத்தேன். தண்ணீர் கொடுத்தேன், குடிக்க முடியவில்லை. ரவிக்கை முழுக்க நனைந்து, உதடு வெளுத்துப்போயிருந்தது. காதுகுத்து வீட்டுக்குப் போன் போட்டேன். கார் அனுப்புகிறோம், முக்கால் மணி நேரமாகும் என்றார்கள். நடுரோட்டில் நின்று கை காட்டினேன். இரண்டு கார்கள் வேகத்தைக் குறைத்து, பார்த்துவிட்டுப் போய்விட்டன. அவர்களை நான் திட்டவில்லை. அதற்கு முன் எத்தனை முறை நான் அப்படிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறேன்!

முதலில் நின்றது ஒரு மொபெட். வெள்ளைத் தாடி வைத்த பாய் ஒருவர், முட்லூர் பக்கம் வீடு என்றார். இறங்கினதும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. நேராக அம்மாவிடம் குனிந்து, "அம்மா, நெஞ்சு வலிக்குதா? கை இழுக்குதா?" என்று கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். காலையிலிருந்து அவள் சொல்லிக்கொண்டிருந்ததை அந்த மனுஷன் ஒரே கேள்வியில் தெரிந்துகொண்டார். அவர்தான் ரோட்டுக்குப் போய், வந்துகொண்டிருந்த ஒரு மினி லாரியை இரண்டு கையையும் விரித்து மறித்தார். பண்ருட்டிப் பக்கத்திலிருந்து சிதம்பரம் மார்க்கெட்டுக்குப் பலாப்பழம் ஏற்றிக்கொண்டு வந்த வண்டி அது. பின்பக்கம் விளிம்பு வரை பழம். ஓட்டிவந்தவர் செல்வராசு, பக்கத்தில் அவர் சம்சாரம் அஞ்சலை. அந்தப் பெயர்கள் எனக்கு இந்த வருஷம்தான் தெரியும். அன்றைக்கு அவர்கள் பெயரைக் கூட நான் கேட்கவில்லை.

"ஏங்க, பழத்த எறக்குங்க. அக்காவப் படுக்க வெக்கணும்" என்றாள் அந்தப் பெண். செல்வராசு ஒரு கணம் கூட யோசிக்கவில்லை. அவரும் பாயும் ஏறி நின்று பழங்களை எடுத்துக் கொடுக்க, நானும் அஞ்சலையும் வாங்கி ரோட்டோரத்தில் அடுக்கினோம். ஒவ்வொன்றும் ஒரு குழந்தை கனம். இரண்டு பழங்களைக் கீழே போட்டுவிட்டேன், ஒன்று வெடித்துவிட்டது. "ஐயோ" என்றேன். "அது கெடக்குதுண்ணா, நீங்க வாங்க" என்றாள் அவள். சாக்கை விரித்து, அதன் மேல் செல்வராசுவின் துண்டைப் போட்டு, நான்கு பேருமாக உன் அம்மாவைத் தூக்கிப் படுக்க வைத்தோம். அஞ்சலை ஏறி, அவள் தலையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நானும் பின்னால் ஏறப் போனேன். செல்வராசு, "சார், எனக்கு மார்க்கெட்டு வழிதான் தெரியும், ஆசுபத்திரி தெரியாது. முன்னாடி வந்து வழி காட்டுங்க" என்றார். பாய், "சாவியக் குடுங்க சார். காரும் பழமும் எங்கியும் போவாது, நான் பாத்துக்குறேன். நீங்க கெளம்புங்க" என்றார். முன்பின் தெரியாத ஒருவர் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு ஏறினேன்.

அந்த இருபது கிலோமீட்டரும் நான் முன்னால், உன் அம்மா பின்னால். நடுவில் ஒரு சின்னக் கண்ணாடி. திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அஞ்சலை தன் முந்தானையை விரித்து அவள் முகத்துக்கு வெயில் படாமல் பிடித்திருந்தாள். அம்மாவின் உதடு அசைவது தெரிந்தது. என்ன சொல்கிறாள் என்று கேட்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்போது உயிர் இருந்தது. அவர்களும் செய்யக்கூடியதெல்லாம் செய்தார்கள். இரண்டு மணிக்கு முன்னால் எல்லாம் முடிந்துவிட்டது. "இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா..." என்று ஆரம்பித்தேன். டாக்டர் என் தோளில் கை வைத்து, "அத யோசிக்காதீங்க" என்றார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. காதுகுத்து வீட்டிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். வராந்தாவின் கோடியில் அஞ்சலை புடவைக் கறையோடு நின்று அழுதுகொண்டிருந்தாள், யாரோ அவளும் உறவு என்று நினைத்து காப்பி கொடுத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தேன், அவர்கள் போய்விட்டிருந்தார்கள். சாயங்காலம் பாய் வந்தார். டயரைத் தன் மொபெட்டில் வைத்துக் கொண்டுபோய் ஒட்டி மாட்டி, செல்வராசு அங்கே திரும்பிப் போனதும் பழங்களை அவர் வண்டியில் ஏற்றிவிட்டு, தெரிந்த டிரைவர் ஒருவரை வைத்து நம் காரை ஆஸ்பத்திரி வாசலுக்கே கொண்டுவந்திருந்தார். "அம்மா எப்பிடி இருக்காங்க சார்?" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, தன் மார்க்கத்தில் சொல்கிற வார்த்தையை வாய்க்குள் சொல்லிக்கொண்டு, பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அரைமணி நேரம் அப்படியே இருந்தார். சாவியை என் சட்டைப் பையில் அவரே போட்டுவிட்டுப் போனார்.

இதற்கப்புறம் நடந்தது உனக்கும் தெரியும். ஆனால் நீ பார்த்த பக்கம் வேறு, நான் இருந்த பக்கம் வேறு. எடுத்து முடித்த மறுநாள், நம் வீட்டுப் பந்தலின் கீழே எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். உன் மாமா அழுது அழுது முகம் வீங்கிப்போய், "ஒரு டயரு போச்சுன்னா இன்னொண்ணு மாட்டிக்கினு போவ மாட்டாங்களா? ஸ்டெப்னி என்னா ஆச்சு?" என்று கேட்டான். யாரோ, "போன வாரம் தம்பி பிச்சாவரத்துக்கு எடுத்துக்கினு போச்சில்ல" என்றார்கள். மாமா உன் பக்கம் திரும்பினான். "ஊர் சுத்திட்டு வந்து அப்பிடியே போட்டுட்டியாடா? எங்க அக்காவ ரோட்டுல ஒக்கார வெச்சிட்டியேடா, பாவி!" என்றான். நீ அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாய். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். 'அவன் சொன்னான், நான்தான் மறந்துட்டேன்' என்று மூன்று நொடியில் சொல்லியிருக்கலாம். நான் தரையைப் பார்த்தேன். தலை நிமிர்ந்தபோது நீ எழுந்து உள்ளே போய்விட்டிருந்தாய்.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்கலாம். மச்சான் என்னை அடித்துவிடுவான் என்று பயந்தேன் என்று முதலில் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். அதில்லை. நீ சின்னப் பையன், உனக்கு ஆயுசு இருக்கிறது, நாலு நாளில் ஆறிவிடும். எனக்கு ஆறாது என்று ஒரு கணக்குப் போட்டேன். பெற்ற பிள்ளையின் தலையில் பாரத்தை ஏற்றிவிட்டு நான் இலேசாக நின்றேன். அப்புறம் சொல்லலாம், கருமாதி முடியட்டும், பரீட்சை முடியட்டும், வேலை கிடைக்கட்டும் என்று நாளைத் தள்ளினேன். நீ பரீட்சையில் இரண்டு பாடம் தவறவிட்டாய். தீபாவளிக்கு வருவதை நிறுத்தினாய். வந்தாலும் அந்தக் காரில் ஏற மாட்டாய். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வருவாய். என்னைத் திருப்பிக் கேட்கவே இல்லையே நீ! ஒரு நாளாவது, 'நான் சொன்னேன்ல அப்பா' என்று சண்டை போட்டிருக்கலாம். ஒருவேளை, சொன்னோமா இல்லையா என்று உனக்கே சந்தேகம் வந்துவிட்டதோ என்று நினைத்துத்தான் பாதி ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன். சொன்னாய், தம்பி. தெளிவாகச் சொன்னாய். உன் அம்மாவும் கேட்டாள்.

போன மார்கழியில் தானே புயல் அடித்ததே, அப்போது பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடப்பதை டிவியில் காட்டினார்கள். அந்தப் பழங்களை இறக்கி வைத்தவர்களின் மரம் என்ன ஆயிற்றோ என்று அப்போதுதான் தோன்றியது. அப்போதும் உடனே கிளம்பவில்லை, நாலு மாதம் தள்ளிப்போட்டேன். போன மாதம் பண்ருட்டி மண்டியில் போய் விசாரித்தேன். புதுச்சத்திரத்தில் ஒரு அம்மாவுக்காகப் பழத்தை ரோட்டில் இறக்கியவர் யார் என்று கேட்டதும் ஒருவருக்குத் தெரிந்திருந்தது. அண்ணாகிராமத்துக்கு வழி சொன்னார். செல்வராசு இல்லை. தோப்பில் ஒரு மரம் கூட நிற்காததால் கேரளாவில் வேலைக்குப் போயிருக்கிறார். அஞ்சலை மட்டும் இருந்தாள். என்னைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் யோசித்தாள். "அந்த அக்கா வூட்டுக்காரரு தான நீங்க?" என்றாள். கோரைப்பாயை விரித்து உட்காரச் சொன்னாள்.

"அஞ்சு வருஷமா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்துச்சுண்ணா" என்று அவளே ஆரம்பித்தாள். "வண்டியில அக்கா வாந்தி எடுத்துட்டாங்க, என் பொடவையிலதான். ஒடம்பு அந்தப் பாடு படுது, அப்பவும் 'ஒன் பொடவைய அழுக்காக்கிட்டனே'ன்னு திரும்பத் திரும்பச் சொன்னாங்க. அதுக்கென்னக்கான்னேன். புள்ளைங்க எத்தினின்னு கேட்டாங்க. ரெண்டுன்னேன். எனக்கு ஒண்ணுதான், படிக்கிறான், பரீட்ச முடியல, இப்ப அவனுக்குச் சொல்ல வேணாம்னாங்க. அப்புறம் கண்ணாடிப் பக்கம் கையக் காட்டி, 'அவுரு பயந்துக்குவாரு, எனக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லு'ன்னாங்க. ஆசுபத்திரியில உங்ககிட்ட சொல்லலாம்னு நின்னேன். உங்களச் சுத்தி ஆளுங்க. என்னால கிட்ட வர முடியல."

அந்தப் பெண் வீட்டில் உட்கார்ந்து நான் அழுததை உனக்கு எழுத வெட்கப்படவில்லை. "வாய மூடு" என்றவனுக்காக அவள் சொல்லியனுப்பிய சேதி அது. அஞ்சலை செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். நன்றி சொல்லத்தான் போனேன். அந்த வார்த்தை அங்கே வரவே இல்லை. பிறகு முட்லூரிலும் இரண்டு நாள் அலைந்து அந்தப் பாயைத் தேடினேன். பெயர் தெரியாமல் வெள்ளைத் தாடி என்று மட்டும் சொன்னால் யாரைக் காட்டுவார்கள்? இன்னும் கிடைக்கவில்லை. தம்பி, யாராவது உனக்காக வண்டியை நிறுத்தினால் அந்த இடத்திலேயே பெயரைக் கேட்டு வைத்துக்கொள். ரோட்டில் யாராவது கை காட்டினால் நீ நிறுத்து.

அண்ணாகிராமத்திலிருந்து நான் வீட்டுக்குத் திரும்பவில்லை. விருத்தாசலம் பஸ் ஏறி, நேராக மங்கலம்பேட்டைக்குப் போனேன். மாமா வெளியே மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். "வாங்க மாமா, தம்பி கல்யாணத்துக்கு நாள் குறிச்சாச்சாமே, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல" என்றான். நின்றபடியே சொல்லிவிட்டேன். நீ சொன்னதையும், நான் மறந்ததையும், உன் அம்மா புளியமரத்தடியில் சொன்னதையும், பந்தலில் நான் தரையைப் பார்த்ததையும். அவன் வாளியைக் கீழே வைத்தான். கொட்டகைக்குள் போய் ரொம்ப நேரம் வரவில்லை. வந்தபோது கண் சிவந்திருந்தது.

"டயரு விட்டதுக்கு உங்களக் குத்தம் சொல்ல மாட்டேன் மாமா. மனுசனுக்கு மறதி வரும்" என்றான். "ஆனா அந்தப் புள்ளைய நான் என்னா பேச்சு பேசினேன்! எங்க அக்கா பெத்த புள்ளைய. நீங்க பக்கத்துல ஒக்காந்து கேட்டுக்கினு இருந்தீங்களே." கீழே வைத்த வாளியைத் திரும்ப எடுத்தான். "இனிமே நீங்க இங்க வராதீங்க. நான் தம்பியப் போயிப் பாத்துக்குறேன்" என்றான். சரி என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சென்னைக்கு வருவதாக அவன் சொல்லியனுப்பியிருக்கிறான். இந்தக் கடிதம் அதற்கு முன்னால் உன் கைக்குக் கிடைக்க வேண்டும் என்றுதான் கூரியரில் அனுப்புகிறேன். உன்னை விடப் பெரியவன்; வாசலில் நின்று உன் காலில் விழுந்தாலும் விழுவான். விழ விடாதே. அவன் செய்தது தப்பு இல்லை, தெரியாமல் பேசியது. தெரிந்தும் பேசாமல் இருந்தவன் வேறு ஆள்.

என்னை மன்னிக்கச் சொல்லி உன்னிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் நீ உடனே 'பரவாயில்லப்பா' என்று சொல்லிவிடுவாய் என்று பயமாகவும் இருக்கிறது. அவ்வளவு சீக்கிரம் சொல்லிவிடாதே. கோபப்படு. ஐந்து வருஷக் கோபம் உனக்குப் பாக்கி இருக்கிறது.

பத்திரிகை அச்சுக்குப் போக வேண்டும். அம்மா பெயரை முதலில் போடச் சொல்லியிருக்கிறேன், தாய்மாமன் பெயரும் சேர்த்தாயிற்று. அண்ணாகிராமத்துக்கு ஒரு பத்திரிகை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அப்பா என்ற இடத்தில் மட்டும் இன்னும் ஒன்றும் எழுதவில்லை, காலியாக விட்டிருக்கிறேன். அங்கே என் பெயர் வரலாமா என்பதை நீ சொல். உனக்குப் பேசப் பிடிக்காவிட்டால் அச்சகத்துக்கே போன் செய்து சொல்லிவிடு. அவர்களிடம் பையன் சொல்வதுதான் கடைசி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அப்பா